கணவாய்ச் சுங்கமும் கடல் சுங்கமும்

1755-ஆம் ஆண்டு கர்னல் ஹெரானின் படை நத்தம் கணவாயில் கள்ளர்களிடம் சிக்கிச் சிதறியதையும், கோவில்குடிக் கோயிலிலிருந்து எடுத்துவந்த சாமிச் சிலைகளை அங்கே பறிகொடுத்ததையும் சென்ற இதழில் பார்த்தோம். படை போன அதே தடத்தில்தான் பொதிமாடுகளும் போயின. சிறுமலை, கரந்தமலை, அழகர்மலை மூன்றும் வளைத்து நிற்கும் நத்தத்தில் திருச்சி வழியும் மதுரை வழியும் திண்டுக்கல் வழியும் கூடுகின்றன. கிழக்கே திரும்பினால் திருப்பத்தூர் தாண்டித் தொண்டிக் கடற்கரைக்கே போய்விடலாம். ஊரில் நின்றால் கடல் தெரியாது. ஆனாலும் கடல் வழியே வந்த சரக்கும், அதன் மீது விழுந்த வரியும் இந்த வட்டாரத்துப் பிழைப்பை எத்தனையோ முறை தூக்கியும் கவிழ்த்தும் இருக்கின்றன. நம் பக்கத்துத் தொழில் நொடித்ததற்கு மழையைக் காரணம் சொல்வோம், பஞ்சத்தைச் சொல்வோம். சுங்கப் பட்டியலை யாரும் சொல்வதில்லை. இந்த இதழ் அதற்காக.

முதலில் பிரான்மலைக்குப் போக வேண்டும். நத்தத்திலிருந்து கிழக்கே கொட்டாம்பட்டியைத் தாண்டிச் சிங்கம்புணரிப் பக்கம் போனால் வரும் மலை அது. தேவாரத்தில் திருக்கொடுங்குன்றம். அங்குள்ள கோயிலில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வணிகர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரும் வணிகக் குழுவினர் கூடி, தாங்கள் விற்கும் வாங்கும் சரக்கு ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று கோயிலுக்கு ஒரு சிறு பங்கு கொடுக்க ஒப்புக்கொண்ட ஆவணம். அதில் வரும் சரக்குகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். உப்பு, நெல், பயறு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, இரும்பு, பருத்தி, நூல், புடவை, மெழுகு, தேன் என்று நாட்டுச் சரக்குகள் வரிசையாக வருகின்றன. அவற்றோடு பட்டு, பன்னீர், அகில், சந்தனம், குதிரை, யானையும் வருகின்றன. பன்னீரும் குதிரையும் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்தும், அகில் கீழைக் கடலிலிருந்தும் வந்தவை. அதாவது 13-ஆம் நூற்றாண்டிலேயே, இன்றைய நத்தம் சந்தைக்கு எட்டிய தூரத்தில், கடல் கடந்த சரக்குக்கு ஒரு கட்டண அட்டவணை கல்லில் வெட்டப்பட்டு நின்றது.

அரசர்கள் வாங்கிய சுங்கம் வேறு. காவிரிப்பூம்பட்டினத்தில் இறங்கிய பொதிகளை எண்ணிப் புலிச் சின்னம் பொறித்து வெளியே விட்ட சோழர் காலத்துக் காவலர்களைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கந்தவிர்த்த சோழன் என்று பெயர் கிடைத்தது, சுங்கம் மக்களுக்கு எவ்வளவு சுமையாக இருந்திருக்கும் என்பதற்குச் சான்று. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் தமிழ்நாட்டுக்கு வெளியே, ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் இருக்கிறது. காகதீய அரசர் கணபதிதேவர் 1244-45 வாக்கில் வெளியிட்ட அபய சாசனம் அது. அதற்கு முன்பெல்லாம் புயலில் கரை ஒதுங்கிய கப்பலின் சரக்கை அந்தந்தப் பகுதி அரசர்கள் பறிமுதல் செய்துவந்தார்கள். இனி அப்படிச் செய்ய மாட்டோம், முறையான சுங்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை உரியவருக்கே விட்டுவிடுவோம் என்று அவர் வாக்குக் கொடுக்கிறார். முப்பதில் ஒரு பங்கு என்று வீதமும் சொல்கிறார். வணிகருக்கு வரி குறைவாக இருப்பது மட்டும் போதாது. அது எவ்வளவு என்று கப்பல் ஏற்றும்போதே தெரிந்திருக்க வேண்டும். எழுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசர் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார். இந்தக் கட்டுரையின் கடைசியில் 2025-க்கு வரும்போது வாசகர்கள் இதை நினைவில் வைத்திருந்தால் நல்லது.

இனி கிழக்கிந்தியக் கம்பெனி காலம். திண்டுக்கல் 1790-இல் கம்பெனிப் படையிடம் விழுந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு அதை முறைப்படி விட்டுக்கொடுத்தார். நிலவரி வசூலோடு சாயர் என்ற உள்நாட்டுச் சுங்கமும் கம்பெனி கைக்கு வந்தது. துறைமுகத்தில் ஒரு தடவை, வழியில் சாவடிக்குச் சாவடி மறுபடியும் என்று சரக்கு நடந்த தூரமெல்லாம் வரி. வரி கட்டியதற்கு ரவன்னாச் சீட்டு இருந்தாலும் சாவடிக்காரர் பொதியைப் பிரிக்கச் சொல்லலாம். சீட்டில் உள்ள எடைக்கும் தராசு காட்டும் எடைக்கும் வித்தியாசம் என்று மாடுகளை நிறுத்தி வைக்கலாம். சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் இந்த வசூலைக் குத்தகைக்கு வேறு விட்டிருந்தார்கள். குத்தகைக்காரர் கம்பெனிக்குக் கட்டியதற்கு மேல் எடுத்தாக வேண்டும். அந்த மிச்சம் எங்கிருந்து வரும் என்று விளக்க வேண்டியதில்லை. மலையடிவாரத்து ஊர்களுக்கு இது இரட்டை நெருக்கடி. மாற்றுப் பாதை இல்லாத கணவாயில் சாவடி போட்டால் சுற்றிப்போகவும் முடியாது.

இந்த உள்நாட்டுச் சுங்கம் வங்காளத்தில் 1836-இலும் பம்பாயில் 1838-இலும் எடுக்கப்பட்டது. சென்னை மாகாணம் 1844 வரை காத்திருந்தது. அந்த ஆண்டின் ஆறாவது சட்டம் சாயரை ஒழித்தது. சாவடிகள் போயின. பொதிமாட்டுக்காரருக்கு அது பெரிய விடுதலை, சந்தேகமே இல்லை. ஆனால் போன வருமானத்தை ஈடுகட்ட அரசு உப்பின் விலையை மணங்குக்கு ஒன்றரை ரூபாய் என்று ஏற்றியது; எதிர்ப்பு வந்ததும் ஒரு ரூபாய்க்கு இறக்கியது. அப்போதும் பழைய விலையைவிட அது கூடுதல்தான். கணவாயில் வியாபாரி கட்டிய காசு, அடுப்படியில் எல்லோரும் கட்டும் காசாக மாறிவிட்டது.

அதே சட்டம் துறைமுகச் சுங்கத்துக்கும் வீதம் வகுத்தது. பிரிட்டிஷ் சரக்குக்கு 5 சதவீதம், பிற நாட்டுச் சரக்குக்கு இரட்டிப்பு. 1848-இல் வந்த இன்னொரு சட்டம், எந்த நாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் சரக்கு வருகிறது என்பதை வைத்து வரியைக் கூட்டிக் குறைக்கும் பழக்கத்தை நிறுத்தியது; கம்பெனி ஆட்சியிலிருந்த ஒரு துறைமுகத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும் சரக்கின் மீதான வரியையும் எடுத்தது. அன்றிலிருந்து சுங்கம் என்றால் கடற்கரை என்றாகிவிட்டது. நத்தத்துச் சாலையில் யாரும் மாட்டை நிறுத்தவில்லை. வரி துறைமுகத்திலேயே சரக்கு விலைக்குள் கலந்துவிட்டது. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகுதான் அது பெரிதாக வளர்ந்தது.

நம் பகுதிக்கு அந்தக் கடற்கரை தூத்துக்குடி. 1658-இல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த ஊர், கைமாறிக் கைமாறி 1825-இல் முடிவாக ஆங்கிலேயரிடம் வந்தது. திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு 1875-இல் ரயில் வந்தது, அடுத்த ஆண்டே பாதை தூத்துக்குடியைத் தொட்டது. அதுவரை கப்பல் சரக்கு திண்டுக்கல்லுக்கு மாட்டு வண்டியில் வந்தது. ரயில் வந்த பிறகு வேகனிலிருந்து இறங்கியது.

தூத்துக்குடியில் சரக்கு இறக்குவது அன்று லேசான வேலை அல்ல. கரையோரம் ஆழம் கிடையாது. நீராவிக் கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போடும். தோணிகள் போய்ச் சரக்கை மாற்றிக்கொண்டு வரும். காற்று மாறினால் தோணி போகாது. போன தோணி நனையாமல் வருமென்ற உறுதியும் கிடையாது. கரையில் சுங்க அலுவலகம் 1878-ஆம் ஆண்டுக் கடல் சுங்கச் சட்டத்தின்படி வேலை செய்தது. கப்பல் தலைவர் தன் சரக்குப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். இறக்குமதி செய்தவர், அல்லது அவருக்காக முகவர், இன்ன சரக்கு, இவ்வளவு, இன்ன விலை என்று அறிவிப்பு எழுதித் தர வேண்டும். கப்பல்காரர் சொன்னதும் சரக்குக்காரர் சொன்னதும் கரையில் இறங்கியதும் மூன்றும் ஒத்துப்போனால் வரி கட்டிச் சரக்கை எடுக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் பறிமுதல் வரை போகும். கணினி, இணையம் எல்லாம் வந்த பிறகும் இந்த மூன்றையும் ஒப்பிடுவதுதான் சுங்க அலுவலகத்தின் அடிப்படை வேலை. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தில் வந்தபோதும் இந்த முறை மாறவில்லை.

இந்தக் கடல் வழி யார் கையில் இருந்தது என்ற கேள்வியைத்தான் வ.உ. சிதம்பரம் பிள்ளை எழுப்பினார். 1906-இல் அவர் பதிவு செய்த சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடியது. 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. அவரோடு 1908-இல் சிறை சென்ற சுப்பிரமணிய சிவா நம் வத்தலக்குண்டுக்காரர். எதிர்த் தரப்பிலிருந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. 1911-இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பலும் நம்முடையது இல்லை, சுங்க விகிதத்தை எழுதுகிறவரும் நம்மவர் இல்லை என்ற நிலையில் ஒரு சமவெளித் தொழில் எப்படி இருந்திருக்கும் என்பதற்குச் சின்னாளபட்டியையும் திண்டுக்கல்லையும் பார்க்கலாம்.

கைத்தறி நெசவாளருக்கு மெல்லிய நூல் லங்காஷயரிலிருந்து வந்தது. சாயவேரை ஓரங்கட்டிய சிவப்புச் சாயமான அலிசாரின் ஜெர்மனியிலிருந்து வந்தது. இரண்டும் கப்பல் சரக்கு. லண்டனில் அரசியல் மாறும்போதெல்லாம் சுங்கமும் மாறியது. 1857 கிளர்ச்சியின் செலவை ஈடுகட்ட 1859-இல் பொது வரி 10 சதவீதமானது. 1864-இல் ஏழரை, 1875-இல் ஐந்து. 1882-இல் உப்பு, மது, ஆயுதம் போன்ற சிலவற்றைத் தவிர இறக்குமதி வரியே இல்லை என்றாக்கினார்கள். மான்செஸ்டர் துணிக்கு இந்தியக் கதவு முழுதாகத் திறந்தது. 1894-இல் பணமுடை வந்ததும் 5 சதவீதம் திரும்பியது. உடனே மான்செஸ்டர் முதலாளிகள் நெருக்க, 1896-இல் துணி இறக்குமதிக்கு மூன்றரை சதவீதம், அதே அளவு இந்திய ஆலைத் துணிக்கு உற்பத்தி வரி என்று ஏற்பாடானது. தன் நாட்டிலேயே நெய்த துணிக்கு, அந்நியத் துணிக்குச் சமமாக வரி கட்டச் சொன்ன இந்த அநீதி 1925 டிசம்பரில்தான் நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஒழிந்தது.

இதில் ஒன்றை நம் பகுதி சார்ந்து சொல்ல வேண்டும். 1896 ஏற்பாட்டில் நூலுக்கு வரி இல்லை. உற்பத்தி வரியும் ஆலைத் துணிக்குத்தான், கைத்தறிக்கு இல்லை. ஆகவே தேசியத் தலைவர்கள் நியாயமாகவே வெறுத்த அந்தச் சட்டத்தில், சின்னாளபட்டித் தறிக்காரருக்கு ஒரு சிறு நிழல் கிடைத்தது. அந்த நிழலை எடுத்தது பின்னால் வந்த சட்டங்கள். 1922-இல் இறக்குமதி நூலுக்கு 5 சதவீத வரி வந்தது. 1927-இல் அது 5 சதவீதம் அல்லது ராத்தலுக்கு ஒன்றரை அணா, எது அதிகமோ அது என்று இறுகியது. ஜப்பான் நூலோடு போட்டியிட்ட இந்திய நூற்பாலைகளைக் காப்பதற்காக எடுத்த முடிவு. ஆலைகளுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். தறியில் உட்கார்ந்தவருக்கு அது நூல் விலை. ஒருவருடைய பாதுகாப்பு இன்னொருவருக்குச் செலவாவது சுங்க வரலாறு முழுக்க வரும். இந்தச் செலவு பெரும்பாலும் சங்கமில்லாதவர் தலையில் விழும் என்பதே என் வருத்தம்.

திண்டுக்கல் சுருட்டைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். அதற்குத் தனி இதழே இருக்கிறது. உள்ளே திண்டுக்கல் புகையிலை, மேலே சுற்ற ஜாவா, சுமத்ரா இலை. அந்த மேலிலை கப்பலில் வந்தது. 1910-இல் அரசு வருமானத்துக்காக வெளிநாட்டுப் புகையிலை மீது கடும் வரி போட்டு, அடுத்த ஆண்டே குறைத்தது. ஓராண்டுக்குள் ஏறி இறங்கும் வரி சுருட்டுக் கம்பெனிகளின் கணக்கை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தோல் பதனிடும் பட்டறைகளான தோல் ஷாப்புகளின் கதை இதைவிட நீளமானது. திண்டுக்கல்லில் தோல் பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதியிலிருந்து வந்த வாட்டில் பட்டை, ஆவாரையின் இடத்தைப் பிடித்தது. ஆஸ்திரேலிய மரம் ஒன்றை ஆப்பிரிக்காவில் வளர்த்து, அதன் பட்டையைச் சென்னை மாகாணத்துத் தோலுக்குக் கொண்டுவந்தார்கள். தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்கு இழைத்த கொடுமைக்கு எதிராக 1946-இல் இந்தியா அந்நாட்டுடன் வணிகத்தை முறித்தது. அது பெருமைக்குரிய முடிவு. பட்டைக்கு வெளிநாட்டை நம்பியிருக்க வேண்டாம் என்ற எண்ணம் வலுத்து, ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் நீலகிரியிலும் நம் பழனி மலையிலும் வனத்துறை வாட்டில் மரங்களைப் புல்வெளிகளில் நட்டது. பிறகு குரோமியப் பதனிடுதல் பரவிப் பட்டையின் தேவை குறைந்தது. மரங்கள் பரவுவது நிற்கவில்லை, கொடைக்கானல் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டே போயின. இறக்குமதியைத் தவிர்க்க எடுத்த முடிவு ஒரு மலையின் நீரையும் புல்லையும் மாற்றிவிட்டது. அடுத்த இதழில் இதைத் திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து தொடங்குகிறேன்.

இப்போது பருத்திக்கு வருவோம். திண்டுக்கல், வேடசந்தூர்ப் பகுதியில் இன்று கண்ணில் படும் பெரிய தொழில் நூற்பாலை. தெற்கே இதற்கு வழி போட்டவர்கள் ஹார்வி சகோதரர்கள்: 1885-இல் பாபநாசம், 1888-இல் தூத்துக்குடி கோரல் மில், 1892-இல் மதுரை மில். கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தியின் இழை குட்டையானது. மோட்டா நூலுக்கு நன்றாக இருக்கும், மெல்லிய நூலுக்கு ஆகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியா ரகம் ஓரளவு கைகொடுத்தது. அதற்கும் மேல் மெல்லிய நூல் வேண்டுமென்றால் எகிப்து, உகாண்டா பஞ்சுதான்.

வெளிநாட்டுப் பஞ்சுக்கு முதலில் வந்த தடை வரி அல்ல, ஒரு வண்டு. மெக்சிகோவின் காய்க்கூன் வண்டு அமெரிக்கப் பருத்தியை அழித்துக்கொண்டிருந்த நேரம். அது இங்கே வந்துவிடக் கூடாது என்று 1906-இல் இறக்குமதிப் பஞ்சுப் பேல்களுக்குப் புகையூட்டுவதைக் கட்டாயமாக்கினார்கள். 1914-இல் பயிர்ப் பூச்சி, நோய்த் தடுப்புக்கென்று தனிச் சட்டமே வந்தது. அந்த வண்டு இன்றுவரை இந்தியாவுக்குள் வரவில்லை. துறைமுகத்தில் ஏற்படும் தாமதத்தை எல்லாம் வீண் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வரி 1931 செப்டம்பரில் வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் வருமானம் சரிந்த அரசு, இடைக்கால நிதிச் சட்டத்தில் வெளிநாட்டுப் பஞ்சுக்கு ராத்தலுக்கு அரை அணா போட்டது. 1939-இல் அது ஓர் அணாவானது. உள்நாட்டு நீண்ட இழைப் பருத்தியை வளர்க்கவும் இது உதவும் என்றார்கள். 1947 பிரிவினையில் நல்ல பருத்தி விளைந்த சிந்துவும் மேற்குப் பஞ்சாபும் பாகிஸ்தானுக்குப் போனதும் இறக்குமதித் தேவை இன்னும் கூடியது. ஆனால் அப்போது வரியைவிடப் பெரிய கதவு ஒன்று மூடியிருந்தது. போர்க்காலத்தில் 1940-இல் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடு, 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. லைசென்ஸ் இல்லாமல் எதுவும் வராது. நூற்பாலைக்கு உதிரி பாகம் வேண்டுமென்றாலும் சரி, தையல் மெஷினுக்கு ஊசி வேண்டுமென்றாலும் சரி, முதலில் விண்ணப்பம். 1970-இல் இந்தியப் பருத்திக் கழகம் பிறந்தபோது அதன் தொடக்க வேலைகளில் ஒன்று, வெளிநாட்டுப் பஞ்சை அரசின் வழியாகவே வாங்கித் தருவது. அந்நியச் செலாவணி இல்லாத நாடு அளந்துதான் செலவழிக்க வேண்டும். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டெல்லிக்கோ சென்னைக்கோ ஆள் அனுப்பக்கூடிய ஆலைக்கும், அது முடியாத சிறு பட்டறைக்கும் நடுவே அந்தக் காகிதம் போட்ட சுவர் கணவாய்ச் சாவடியைவிட உயரமானது.

1974 ஜூலை 11 அன்று தூத்துக்குடியின் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல் தளத்தை ஒட்டியே நின்றது. தோணிக்காகக் காத்திருக்க வேண்டாம். 1999-இல் கண்டெய்னர் முனையம் வந்தது. 2011-இல் துறைமுகம் வ.உ. சிதம்பரனாரின் பெயரைப் பெற்றது. அவருடைய கப்பல் கம்பெனியைக் கலைத்துச் சரியாக நூறு ஆண்டுகள்.

இன்று வேடசந்தூர் ஆலை ஒன்று வெளிநாட்டுப் பஞ்சு வாங்கினால் நடப்பது இதுதான். பெரிய கப்பல் பெரும்பாலும் கொழும்பில் இறக்கிவிடும். அங்கிருந்து சிறிய ஃபீடர் கப்பலில் கண்டெய்னர் தூத்துக்குடி வரும். கப்பல் நிறுவனம் தன் சரக்குப் பட்டியலைக் கணினியில் பதியும். ஆலையின் கஸ்டம்ஸ் புரோக்கர் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி அறிவிப்பைப் பதிவார். பஞ்சுக்கு வகைப்பாட்டு எண் 5201. 2011 முதல் வரியை இறக்குமதியாளரே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்; தவறினால் பொறுப்பும் அவரே. அதைச் சரிபார்க்கும் அதிகாரி தூத்துக்குடியில் இருக்க வேண்டியதில்லை. 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கிய முகமறியா மதிப்பீடு அதே ஆண்டு நாடு முழுக்கப் பரவியது. கோப்பு எந்த ஊர் அதிகாரிக்கும் போகலாம். பயிர்த் தனிமைக்காப்பு அலுவலகம் தாவர நலச் சான்றையும் புகையூட்டியதற்கான சான்றையும் பார்த்து விடுவிக்க வேண்டும். கப்பல் நிறுவனத்திடம் டெலிவரி ஆர்டர் வாங்க வேண்டும். சலுகை நாள்கள் தாண்டினால் கண்டெய்னருக்கு வாடகை ஏறும். எல்லாம் முடிந்தால்தான் லாரி மதுரைச் சாலையில் ஏறும்.

வரி எந்தத் தேதியில் நிற்கிறது என்பது இதில் மிக முக்கியம். 1962 சுங்கச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்வது: பில் ஆஃப் என்ட்ரி கொடுத்த நாளில் உள்ள விகிதம். கப்பல் உள்நுழைவு (சரக்கு இறக்கச் சுங்க அனுமதி) பெறுவதற்கு முன்பே அதைக் கொடுத்திருந்தால், உள்நுழைவு பெற்ற நாளின் விகிதம். சுங்கக் கிடங்கில் வைத்து எடுத்தால், எடுப்பதற்கு மனுக் கொடுத்த நாளின் விகிதம். 1981-இல் மும்பைக்கு வந்த ஒரு கப்பல் இடம் கிடைக்காமல் கராச்சி போய்த் திரும்பியது. அதற்குள் அதிலிருந்த சரக்கின் வரி பன்மடங்கு ஏறிவிட்டது. முதல் வருகையைக் கணக்கில் எடுங்கள் என்று இறக்குமதியாளர் வழக்காடினார். இறுதியாக உள்நுழைவு பெற்ற நாள்தான் கணக்கு என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் போட்ட நாளும் விலை பேசிய நாளும் சட்டத்துக்குப் பொருட்டல்ல. மோட்டுப்பள்ளி வணிகருக்கு இருந்த உறுதி இங்கே இல்லை.

2008 முதல் பஞ்சுக்கு இறக்குமதி வரி இல்லாமல் இருந்தது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அடிப்படை வரி 5, வேளாண் உள்கட்டமைப்பு வரி 5, இரண்டின் மீதும் சமூக நல மேல்வரி பத்தில் ஒரு பங்கு, ஆக 11 சதவீதம் வந்தது. பருத்தி விவசாயிக்குப் பாதுகாப்பு என்பது காரணம். மறு ஆண்டே உள்நாட்டுப் பஞ்சு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. 2022 ஏப்ரல் 14 முதல் வரியை நீக்கினார்கள், அக்டோபர் இறுதி வரை மட்டும். 2024 பிப்ரவரியில் 32 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நீள இழைக்கு மட்டும் விலக்கு வந்தது.

இந்த வரி நத்தத்தை எப்படித் தொடுகிறது? நத்தம் இன்று ரெடிமேட் சட்டைக்குப் பெயர் பெற்ற ஊர். பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி வெட்டுக் கட்டாக வீட்டுத் திண்ணை மெஷினுக்கு வருகிறது. ஏற்றுமதி செய்கிறவருக்கு அட்வான்ஸ் ஆதரைசேஷன் உண்டு. வரியில்லாமல் மூலப்பொருள் கொண்டுவரலாம். இயந்திரத்துக்கும் தனித் திட்டம் உண்டு. மிச்சமான வரியைப்போல ஆறு மடங்குக்கு ஆறு ஆண்டில் ஏற்றுமதி செய்தால் போதும். உள்நாட்டுக் கடைகளுக்குச் சட்டை தைப்பவருக்கு இந்த வாசல்கள் எதுவும் இல்லை. பஞ்சின் மீதும் பொத்தானின் மீதும் ஜிப்பின் மீதும் மெஷினின் மீதும் துறைமுகத்தில் விழுந்த வரி விலையோடு கலந்து அவரிடம் வருகிறது. அவரால் அதைக் கடைக்காரர் மீது தள்ள முடிந்தால் சரி. முடியாவிட்டால் சட்டைக்கு இவ்வளவு என்ற கூலியில் அது கழிகிறது. சாயர் காலத்து வியாபாரியாவது யாரிடம் எவ்வளவு கட்டினோம் என்று அறிந்திருந்தார்.

2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரை வரி போட்ட நேரத்தில், ஆடை ஏற்றுமதியாளர்களைத் தாங்க வேண்டி, அரசு ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை பஞ்சு வரியை நீக்கியது. கையில் இருந்தது 43 நாள்தான். அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பிரேசிலில் புதிதாகப் பஞ்சு வாங்கினால், கப்பல் ஏறிக் கொழும்பில் மாறித் தூத்துக்குடியில் உள்நுழைவு பெறுவதற்குள் தேதி முடிந்துவிடும். ஏற்கெனவே கடலில் இருந்த சரக்குக்கும், சுங்கக் கிடங்கில் காத்திருந்த சரக்குக்குமே அது பயன்பட்டிருக்கும். ஆலைச் சங்கங்கள் முறையிட்டன. பத்து நாளுக்குள் கெடு டிசம்பர் 31 வரை நீண்டது. அதன் பிறகுதான் புதிய ஒப்பந்தம் போடுவதற்கு அர்த்தம் வந்தது. மறுபுறம், அக்டோபரில் அறுவடைப் பருத்தி சந்தைக்கு வரும் நேரத்தில் வெளிநாட்டுப் பஞ்சு வரியில்லாமல் இறங்கினால் எங்கள் விலை என்னாகும் என்று விவசாயச் சங்கங்கள் கேட்டன. அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு. வரியை ஏற்றுவதா இறக்குவதா என்பதில் நியாயமான இரு தரப்பு இருக்கலாம். ஆனால் ஏற்றினாலும் இறக்கினாலும் ஒரு முழுப் பருவத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது எந்தத் தரப்புக்கும் நட்டமில்லை. கணபதிதேவர் கல்லில் வெட்டிக் கொடுத்தது அதைத்தான்.

(அடுத்த இதழில்: பேகம்பூர் தோல் ஷாப்புகளும் பழனி மலை வாட்டில் காடுகளும்)